போணிக்கு முன் கை நீட்டாதவர்

மகனே,

இந்த வாரம் முழுக்க அழைத்துப் பார்த்துவிட்டேன், நீ போனை எடுக்கவில்லை. உன் அம்மா அழைத்தால் மட்டும் எடுக்கிறாய். பெட்டியில் எவ்வளவு எடை ஏற்றலாம், ஊறுகாய் பாட்டிலைச் சிட்னி விமான நிலையத்தில் விடுவார்களா என்று அவளோடு பேசுகிறாய். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரை விட்டுப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் எழுதும் கடிதத்தில் உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு என்று நாலு வார்த்தை இருக்கவேண்டும். அதையெல்லாம் அவள் சொல்லியிருப்பாள். நான் எழுத வந்தது ரஹீம் பாயைப் பற்றி. தமிழில் எழுதினால் நீ மெதுவாகத்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி.

போன ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் வெல்லிங்டன் சந்தையில் கூட்டம் குறைந்ததும் அவர் என் கடைக்கு வந்தார். என் கறித்தூள் பாக்கெட்டுகளை வரிசை மாற்றி மாற்றி அடுக்கினார். மனிதருக்கு ஏதோ கேட்கவேண்டும், கேட்க வாய் வரவில்லை என்று புரிந்தது. பேரீச்சம்பழமும் மசாலாச் சாமானும் விற்கிற மனிதர். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டே காலத்தை ஓட்டியவர். மழை பெய்தால் பெட்டிகளுக்குத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்துவார். இப்போது சான்ட்ரிங்ஹாமில், மளிகைக்கடைகள் இருக்கிற அந்த வரிசையிலேயே, ஒரு சின்னக் கடை வாடகைக்கு வந்திருக்கிறது. முன்பணம் கட்டினால் சாவி. அதற்கான பணம் முழுவதும் நீயும் உன் நண்பர்களும் நடத்துகிற வட்டியில்லாச் சேமிப்புச் சங்கத்தில் கிடக்கிறது. எடுக்கப் போனால் போனில் ‘பரிசீலனையில்’ என்று ஒரு வார்த்தை வந்து நிற்கிறதாம். வாரக்கணக்கில் அதே வார்த்தை.

“தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே,” என்றார். “காசு எங்கயும் போயிராது, அது எனக்குத் தெரியும். தம்பி இருக்கு, நீங்க இருக்கீங்க. கடைக்காரன் மாசக் கடைசி வரைக்கும்தான் நிப்பேன்னு சொல்றான், அதான்.”

சொல்கிறேன் பாய் என்றேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். ஏன் ‘பரிசீலனையில்’ என்று எனக்குத் தெரியும். எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீதான் சொன்னாய். சிட்னிக் கம்பெனிக்காரர்கள் உங்கள் சங்கத்தை வாங்குகிறார்கள், விற்பனை முடியும்வரை பெரிய தொகை எதுவும் வெளியே போகக்கூடாது, போனால் விலை குறையும், வாங்கிய பிறகு அவர்கள் எல்லாருடைய கணக்கையும் சாதாரண வட்டிக் கணக்காக மாற்றிவிடுவார்கள். உனக்கு அங்கே ஒரு நாற்காலி. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: “அப்பா, ப்ளீஸ், செட்டில் ஆகுற வரைக்கும் மார்க்கெட்ல யார்கிட்டயும் பேசாதீங்க.” வட்டி வேண்டாம் என்பதற்காகவே எந்த வங்கியிலும் காசு போடாமல், கட்டிலடியில் பணத்தை வைத்துக்கொண்டு திருட்டுக்குப் பயந்து வாழ்ந்த மனிதரின் பணம், அவருக்கே தெரியாமல் வட்டிக் கணக்காகப் போகிறது. சாவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதுதான் நடக்கப்போகிறது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ இரண்டாவது தடவை குழம்பு கேட்டாய்.

ரஹீம் பாய் போன்ற வியாபாரிகள் ஏன் உன்னிடம் வந்தார்கள் என்று நீ யோசித்திருக்கிறாயா? யோசித்திருப்பாய். அதைப் படம் போட்டு விளக்கிப் பணக்காரர்களிடம் காட்டியவன் நீ. ஆனால் நீ காட்டியது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். எனக்கு அது தெரியும், ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்து என்னை ஒருகாலத்தில் அனுப்பினார்கள்.

கிள்ளானில் நான் இஸ்லாமிய வங்கி ஒன்றின் கிளையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். கோலாலம்பூரில் பொருளாதாரம் படித்து முதல் வகுப்பில் தேறிய எனக்குக் கிடைத்த வேலை அது. பெரிய மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் கிளை. மார்க்கெட்டுக்கு எதிரிலேயே வேறு வங்கிகள் இருந்தன, வட்டியும் கொடுத்தன. எங்கள் வங்கி வட்டி தரும் என்று வாக்கே கொடுக்காது. உன் பணத்தைப் பத்திரமாக வைத்திருப்பேன், நல்ல வருஷமாக அமைந்தால் அன்பளிப்பாக ஏதாவது சேர்ப்பேன் என்று மட்டும்தான் சொல்லும். அப்படியிருந்தும் மார்க்கெட் வியாபாரிகளில் பாதிப்பேர் எங்களிடம் சேமித்தார்கள். மலாய்க்காரர்கள் சேமித்தால் புரியும். மீன் விற்கிற சீனர் ஏன்? காய்கறி விற்கிற நம் பெண்கள் ஏன்? தலைமை அலுவலகத்துக்கு அது புதிராக இருந்தது. கேள்வித்தாள் அடித்து என் கையில் கொடுத்தார்கள். மார்க்கம், லாபப் பங்கு, தூரம், சேவை, உறவினர் சிபாரிசு என்று கட்டங்கள். கட்டத்தில் அடையாளம் போடச் சொல்லி நான் கடை கடையாக நின்றேன்.

எல்லாரும் போட்டார்கள். கேட்டால் போட்டுவிடுவார்கள், படித்தவன் காகிதத்தை நீட்டினால் எதையாவது போட்டு அவனை அனுப்பிவிடவேண்டும் என்பது மார்க்கெட்டின் பழக்கம். நாசி லெமாக் சோறு விற்ற மலாய் அம்மா மார்க்கம் என்ற கட்டத்தில் அடையாளம் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பித் தரும்போது சிரித்துக்கொண்டே, மார்க்கத்துக்காக என்றால் வீட்டு உண்டியலே போதுமே தம்பி, வசூலுக்கு யூசோப் வருகிறார், அதனால் போடுகிறேன் என்றார். மீன்காரச் சீனர் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். எதிர் வங்கிக்குள் தான் நுழைந்தால் வரிசையில் நிற்பவர்கள் மீன் வாசனைக்கு நகர்ந்து நிற்கிறார்களாம், கவுன்டர் பெண் நோட்டை விரல் நுனியால் வாங்குகிறாளாம். யூசோப் மூக்கைச் சுருக்கியதில்லையாம். காய்கறி விற்ற பாக்கியம் அக்காவிடம் வந்தேன். கணவன் இல்லாத, கத்திரிக்காய் விலையைவிடக் குரல் உயர்ந்த பெண்மணி. நீங்கள் தினமும் பட்டையிட்டுக்கொண்டு வருகிறீர்கள், முஸ்லிம் வங்கியில் ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“சாமிக்குப் பயந்த பேங்க்குன்னு சொல்றாங்க. பயப்படுறதுதான் முக்கியம், எந்தச் சாமியா இருந்தா எனக்கென்ன,” என்றார். பிறகு வெண்டைக்காய்க்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, “அது மட்டும் இல்ல. அந்த மனுசன் போணிக்கு முன்னால கை நீட்ட மாட்டாரு தம்பி. அந்தப் பக்கத்து பேங்க்குக்காரன் இருக்கானே, கடை தொறந்து விளக்கு ஏத்தல, அதுக்குள்ள பையை விரிச்சுக்கிட்டு நிப்பான். வெளங்குமா?” என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் யூசோப்பைக் கவனிக்க ஆரம்பித்தேன். மார்க்கெட்டில் பணம் வசூலிக்க எங்கள் கிளை வைத்திருந்த ஆள் அவர். பழைய மோட்டார் சைக்கிளில் தோள்பையோடு வருவார். வந்ததும் வசூலுக்குப் போகமாட்டார். தேநீர்க் கடையோரம் நின்றுகொண்டு ஒவ்வொரு கடையாகப் பார்ப்பார். முதல் வியாபாரம் ஆகி, வந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் போட்ட கடைக்குத்தான் நடப்பார். போணி ஆகாத கடையிலிருந்து காசு வெளியே போனால் அன்றைக்கு முழுவதும் போய்க்கொண்டே இருக்கும் என்பது நம் வியாபாரிகளின் நம்பிக்கை. யூசோப்புக்கு அது நம்பிக்கை இல்லை, அவருடைய மார்க்கத்தில் அதற்கு இடமும் இல்லை. ஆனாலும் நின்றார். வெயில் ஏறியும் ஒரு கடையில் ஒன்றும் விற்காவிட்டால் அவரே போய் ஒரு கட்டுக் கீரை வாங்குவார். சொந்தக் காசு. அதை வீட்டுக்குக் கொண்டுபோவார். நான் ஒருமுறை அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். மேசை முழுக்க நம் காய்கறிதான். இந்த மனிதர் முருங்கையும் புடலையுமாகக் கொண்டுவந்து தள்ளுகிறார், என்னை ஒரு தமிழச்சியாகவே மாற்றிவிட்டார் என்று அவர் மனைவி என்னிடம் புகார் சொன்னாள். யூசோப் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். வியாபாரி வங்கியைப் பார்த்து வருவதில்லை, தன் நாள் தொடங்கட்டும் என்று பொறுத்திருக்கிற ஆளைப் பார்த்து வருகிறான், வட்டி இல்லை என்பதும் கடவுள் பயம் என்பதும் அந்தப் பொறுமைக்கு அவன் வைத்திருக்கும் பெயர்கள், ஆகவே யூசோப் போன்றவர்களை விட்டுவிடாதீர்கள் என்று எழுதினேன். எங்கள் கிளை மேலாளர் அதைப் படித்தார். நம் ஆள்தான், கோயில் கமிட்டித் தலைவர், என்னைத் தம்பி தம்பி என்று தோளில் தட்டுகிறவர். யூசோப் வருகிற பக்கங்களை எல்லாம் எடுத்துவிட்டு, மலாய்க்காரர்கள் மார்க்கத்துக்காகவும் மற்றவர்கள் லாபத்துக்காகவும் சேமிக்கிறார்கள் என்று முடித்து, தன் பெயரைப் போட்டு மேலே அனுப்பினார். அந்த அறிக்கை அவரைத் தலைமை அலுவலகம்வரை தூக்கிச் சென்றது. லாபத்துக்காக வருகிறவனுக்கு வசூல் ஆள் எதற்கு? மார்க்கெட் வாசலில் பணம் போடும் மெஷின் ஒன்றை நட்டார்கள். யூசோப்பை உள்ளே உட்கார்த்திக் காசோலையில் முத்திரை குத்த விட்டார்கள். நான் எதிர்த்துப் பேசினேன். எனக்கு வரவேண்டிய பதவி என்னைவிடக் குறைவாகப் படித்தவனுக்குப் போனது. அந்த மேலாளர் இப்போது ஓய்வு பெற்று நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. இருக்கட்டும். நான் அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

பாக்கியம் அக்காவுக்கு அந்த மெஷின் பிடிபடவில்லை. ஈரக் கையோடு நோட்டைத் திணித்தால் அது துப்பிவிடும். பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கொஞ்ச நாளில் சீட்டுப் பிடிக்கிற ஒருவன் மார்க்கெட்டுக்குள் வர ஆரம்பித்தான். நல்ல சட்டை, இனிமையான பேச்சு. அவனும் போணி ஆகும்வரை காத்திருந்தான். அக்காவிடம் காய்கூட வாங்கினான். யூசோப் செய்ததை எல்லாம் அவன் தூரத்திலிருந்து பார்த்துக் கற்றிருந்தான். ஒரு தீபாவளிக்கு முன்னால் எல்லாருடைய சீட்டுப் பணத்தோடும் காணாமல் போனான். அக்கா மகளின் நர்ஸ் படிப்புக்கு வைத்திருந்தது அது. நான் பார்க்கப் போனபோது அவர் அழவில்லை. கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எதுவும் பேசாமல் நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலை அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. மகள் படிப்பை விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். வியாபாரியை எது இழுக்கிறதோ அதே வழியாகத்தான் அவனைக் கொள்ளையடிக்கவும் முடியும். இதை நான் அறிக்கையில் எழுதவில்லை, அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் நாம் கிள்ளானை விட்டு இந்த நாட்டுக்கு வந்தோம். நீ இரண்டாம் வகுப்பு. நகர மையத்தில் நான் ஏறி இறங்காத வங்கி இல்லை. உள்ளூர் அனுபவம் இல்லை என்று எல்லாரும் ஒரே சிரிப்போடு சொன்னார்கள். ஒருவன் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இஸ்லாமிய வங்கி என்றால் வட்டி வாங்காமல் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்காமலே கடிகாரத்தைப் பார்த்தான். உன் அம்மா முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். நான் கறித்தூள் அரைத்து விற்க ஆரம்பித்தேன். மார்க்கெட் வியாபாரிகளைப் பற்றி அறிக்கை எழுதியவன் மார்க்கெட் வியாபாரி ஆனேன். உன் மாமா ஒரு கல்யாணத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததை நீ பார்த்திருக்கிறாய்.

நீ வளர்ந்த மேசையில் நான் யூசோப்பின் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நீ ஆங்கிலத்தில் ‘யெஸ் அப்பா, வீ நோ’ என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவாய். பிறகு, பெரிய வங்கியில் உனக்குக் கிடைத்த வேலையை விட்டுவிட்டு, இரண்டு நண்பர்களோடு வட்டியில்லாச் சேமிப்புச் சங்கம் தொடங்குகிறேன் என்று வந்தாய். ஒரு சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து, “அந்த யூசோப் கதையை முழுசாச் சொல்லுங்கப்பா,” என்றாய். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஒருவன் என் அறிக்கையில் பக்கங்களை உருவினான், இன்னொருவன் கடிகாரம் பார்த்தான், என் மகன் கேட்கிறான். எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். நான் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நீ பாடமாகக் கேட்டுக்கொண்டாய்.

முதலில் நீ நன்றாகத்தான் செய்தாய். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் என்னோடு வந்து கூடாரக் கம்பிகளைப் பிடித்தாய். என் கடைக்குப் பின்னால் காத்திருந்தாய். காய்கறிக் கடைச் சிவராசாவை உனக்கு ரொம்பப் பிடித்தது. யாழ்ப்பாணத்து மனிதர், இங்கே யாரும் நோட்டுத் தருவதில்லை என்பதால் முதல் ஆள் கார்டைத் தட்டிவிட்டுப் போனதும் அந்த எஃப்ட்போஸ் மெஷினையே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் நீ அவரிடம் போவாய். வியாபாரம் மந்தமான நாளில் நீயே முருங்கைக்காய் வாங்கினாய். அம்மா வாரம் முழுக்க அதைச் சமைத்தாள். “தம்பியின்ரை கை நல்ல கை, அண்ணை. அவர் வாங்கின நாளிலை நான் ஒண்டும் திருப்பிக் கொண்டுபோனதில்லை,” என்று சிவராசா என்னிடம் சொன்னார். அவர் இந்து, சைவர், கோயிலுக்குத் தேர் இழுப்பவர். வட்டி கூடாது என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஏன் இந்தச் சங்கத்தில் போடுகிறீர்கள் என்று நான் பழைய பழக்கத்தில் கேட்டேன். இவ்வளவு காலத்தில் வங்கியில் ஒருத்தரும் என்னோடு இருந்து கதைக்கவில்லை, தம்பி கதைக்கிறான் என்றார். கிள்ளானில் கேட்ட அதே பதில்தான். ரஹீம் பாய்க்கு மட்டும்தான் மார்க்கம் பெரிய காரணம். அவரும் நீ பொறுத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் கட்டிலடியைக் காலி செய்தார்.

பிறகு உனக்கு நகரத்தில் கூட்டங்கள் அதிகமாயின. உனக்குப் பதிலாக, நீ சம்பளத்துக்கு வைத்த மாணவர்கள் டேப்லெட்டும் சங்கத்துச் சட்டையுமாக வந்தார்கள். அவர்களும் காத்திருந்தார்கள். கடைக்கு ஒரு பொருள் வாங்கினார்கள், பில்லைப் படம் பிடித்துக்கொண்டார்கள். உன் அலுவலகச் சுவரில் என் கடையின் படத்தோடு ‘முதல் கொள்முதல்’ என்று தலைப்புப் போட்டு ஒரு விளக்கப்படம் தொங்குவதை நான் பார்த்தேன். பெருமைப்படவேண்டும் என்று நினைத்து நின்றேன். அப்புறம் ஒரு ஞாயிறு, சந்தை முடிந்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது சிவராசா ஒரு கட்டு முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாழைநாரில் கட்டுவதுபோல அவர் பச்சைக் கயிற்றில் கட்டிய கட்டு.

“அண்ணை, உங்கட மகன்ரை ஆக்கள் காலமை போணிக்கு வாங்கினது. குப்பைக்கை கிடந்தது,” என்றார். “சமைக்கத் தெரியாட்டில் கேட்டிருக்கலாமே, மனிசி சொல்லிக் குடுத்திருப்பா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய தொட்டியில் ஒவ்வொரு கடையிலும் வாங்கியது கிடந்தது. ரஹீம் பாயின் பேரீச்சம்பழம் பிரிக்காத பெட்டியோடு. என்னுடைய மீன் கறித்தூள். அன்றிரவு உன்னிடம் கேட்டேன். “அப்பா, அவங்க பிளாட்ல அடுப்புகூடக் கிடையாது. காசு குடுத்துட்டாங்கதானே, கடைக்காரருக்கு என்ன நஷ்டம்?” என்றாய்.  நஷ்டம் இல்லைதான். சீட்டுக்காரனும் பாக்கியம் அக்காவின் காய்க்குக் காசு கொடுத்தவன்தான். நீயும் அவனும் ஒன்று என்று சொல்லவில்லை. அவன் ஓடினான், உன்னிடம் எல்லாவற்றுக்கும் வழக்கறிஞர் பார்த்த காகிதம் இருக்கிறது. ஆனால் தொட்டியைப் பார்த்த அந்த நேரம் எனக்கு அவனுடைய முகம் ஞாபகம் வந்தது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

உன் வாதம் எனக்குத் தெரியும். யாருடைய பணமும் குறையாது, வட்டி சேர்ந்தால் கூடத்தான் செய்யும், சட்டப்படி முன்கூட்டியே சொல்லவேண்டிய அவசியமில்லை, ரஹீம் பாய்க்குக் கடைசியில் முழுப் பணமும் கிடைக்கும். கிடைக்கும், அந்தக் கடையில் வேறொருவன் பெயர்ப்பலகை மாட்டிய பிறகு. வட்டியைத் தொட்டதற்காக அவர் அல்லாவிடம் என்ன சொல்வார் என்பது உன் காகிதத்தில் இல்லை. அதை அவருடைய மூடநம்பிக்கை என்று நீ நினைத்துக்கொள்ளலாம். யூசோப் நம்பாத ஒன்றுக்காக வெயிலில் நின்றார் என்று உனக்கு நான் சொன்னது எதற்கு?

உங்கள் சங்கத்தின் விதிகளில் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் சேர்ந்து கேட்டால், கைமாறும் முன் விற்பனையை அவர்கள் வாக்குக்கு விடவேண்டும். தொடக்கத்தில் என்னிடம் காட்டியபோது நான் சொல்லி நீ சேர்த்த விதி. அது இருப்பது சந்தையில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் படிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். கைமாற இன்னும் சில நாள் இருக்கிறது. அதற்குள் அவர்களுக்குத் தெரிந்தால் விற்பனை நிற்கும். நின்றால் உன் சிட்னி நாற்காலி போகும், உன் நண்பர்கள் இருவருக்கும் அவர்கள் போட்ட முதலே வராமல் போகலாம், நீ நகரத்தில் வாங்கிய வீட்டின் மார்ட்கேஜ் உன் தலையில் நிற்கும். இதை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்து, “பெத்த புள்ள சோத்துல மண்ணைப் போடுற முத அப்பன் நீங்கதான்,” என்றாள்.  

நான் ஜெயிக்காத இடத்தில் நீ ஜெயிப்பது எனக்குப் பொறுக்கவில்லை என்று நீ அவளிடம் சொன்னாயாம். இருக்கலாம். நான் நல்லவன் என்று நிரூபிக்க இதை எழுதவில்லை. வாழ்க்கை முழுக்க யாராவது ஒருவன் மேல் கோபத்தை வைத்துக்கொண்டே இருந்தவன் நான். அந்த மேலாளர், அந்தக் கடிகாரக்காரன், உன் மாமா, இப்போது நீ. இந்தக் கோபத்தில் பொறாமை எவ்வளவு, நியாயம் எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னால் என்னால் முடியாது. ஆனால் எனக்குப் பொறாமை என்பதால் ரஹீம் பாயின் பணம் அவருடையது இல்லாமல் போய்விடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் விமானம். அதே காலை நான் சந்தையில் இருப்பேன். கூட்டம் வருவதற்கு முன் ரஹீம் பாயையும் சிவராசாவையும் மற்றவர்களையும் என் கடைக்குக் கூப்பிட்டு, விற்பனையைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் அந்த விதியைப் பற்றியும் சொல்லப்போகிறேன். அதில் மாற்றமில்லை, அதற்காக நீ அழைக்க வேண்டாம். ரஹீம் பாய் உடனே கோபப்பட மாட்டார். பெட்டியின் மேல் உட்கார்ந்து என் கறித்தூள் பாக்கெட்டுகளை வரிசை மாற்றி அடுக்குவார். பிறகு, “தம்பிக்கு இது முன்னாலயே தெரியுமாண்ணே?” என்று கேட்பார். நான் தெரியும் என்று சொல்வேன். அப்போது அவர் திரும்பிப் பார்க்கிற இடத்தில் நீ நின்றுகொண்டிருக்கலாம், நிற்காமலும் போகலாம். நான் தீர்மானிக்க முடியாத ஒன்று இதில் அது மட்டும்தான்.

அப்பா